தீவாந்தரம் போன பெண்களில் ஒருத்தியாவது ஊர் திரும்பினாளா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "சின்னத் திருட்டுக்காகவெல்லாம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெண்கள் பெரும்பாலும் விலைமாதர்கள்தான் என்கிறார்களே, உண்மையா? அங்கே எப்படி வாழ்ந்தார்கள்? ஒருத்தியாவது ஊர் திரும்பினாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றானாலும் உங்களை உறுத்துவது கடைசிக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. நம்மிடம் 'தீவாந்தர சிட்சை' என்று ஒரு பழைய சொல் உண்டு. சென்னை மாகாணத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், பின்னால் அந்தமானுக்கும் கைதிகளைக் கப்பலேற்றிய காலத்தில் நம் ஊர்களில் புழங்கிய சொல். தீவாந்தரம் போனவன் என்றால் போனவன்தான். அவனுக்காக யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தச் சொல்லோடு வளர்ந்த நமக்குத் 'திரும்பினாளா' என்ற கேள்வி எழுவது இயல்பு. நாடுகடத்தப்பட்டவர்களைப் பற்றிய பதிவேடுகளையும் நாட்குறிப்புகளையும் படிப்பதும் கற்பிப்பதுமே இருபது ஆண்டுகளாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1,62,000 பேர். அவர்களில் பெண்கள் ஏறத்தாழ 25,000. பாலியல் தொழில் நாடுகடத்தலுக்குரிய குற்றமாக இருந்ததே இல்லை. அந்தப் பெண்களில் மிகப் பலர் திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். வேலை செய்த வீட்டிலோ கடையிலோ துணியையும் வெள்ளிக் கரண்டியையும் எடுத்தவர்கள். அவர்களில் சிலர் பிழைப்புக்காக உடலை விற்றிருக்கலாம். அதை யாரும் கணக்கெடுக்கவில்லை. 'விலைமாதர்' என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்றால், அவர்களைக் காவல் காத்த அதிகாரிகளின் பேனாவிலிருந்து. அந்த அதிகாரிகளின் கணக்கில் தாலி கட்டாமல் ஒருவனோடு வாழ்ந்த ஏழைப் பெண்கூட விலைமாதுதான். ரால்ஃப் கிளார்க் என்ற லெப்டினன்ட் தன் நாட்குறிப்பில் கைதிப் பெண்களை அந்தச் சொல்லால் ஓயாமல் திட்டியிருக்கிறார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவர் மறுபடியும் வருவார்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பொதுவாகப் பதில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். மேரி பிராட். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால் என்ற பகுதி, அதில் ஃபோய் என்ற துறைமுக ஊர். கடலோடிக் குடும்பம். 1765 மே மாதம் அந்த ஊர்க் கோவிலில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்த பதிவு இருக்கிறது. 1786 மார்ச்சில் எக்ஸிடர் நகர நீதிமன்றத்தில், வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து நெடுஞ்சாலையில் ஒரு பெண்ணைத் தாக்கி, பட்டுத் தொப்பியையும் வேறு பொருட்களையும் பறித்ததாகக் குற்றம் நிரூபணமானது. அவற்றின் மதிப்பு 11 பவுண்டு 11 ஷில்லிங், அன்றைய வேலைக்காரி ஒருத்தியின் ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், பசிக்கு ரொட்டி திருடிய அப்பாவியாக அவரை மாற்றிவிடுகிறார்கள். அவர் செய்தது வழிப்பறி. அடிபட்ட பெண்ணும் ஒரு பெண்தான். மேரியின் பிற்காலத் துயரத்துக்கு மதிப்பளிக்க அவரை முன்கூட்டியே குற்றமற்றவராக ஆக்க வேண்டியதில்லை.

வழிப்பறிக்குத் தூக்கு. தீர்ப்பும் அப்படித்தான் வந்தது. பிறகு அது ஏழாண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. எங்கே கடத்துவது என்பதுதான் அப்போது அரசுக்கே தெரியாத விஷயம். அதுவரை கைதிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பிவந்தார்கள். அமெரிக்கா சண்டையிட்டுப் பிரிந்துபோனதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழியவே, பாய்மரம் பிடுங்கப்பட்ட பழைய கப்பல்களைத் துறைமுகத்தில் நிறுத்தி அவற்றில் கைதிகளை அடைத்தார்கள். மேரி அடைக்கப்பட்டது பிளிமத் துறைமுகத்தில் நின்ற டன்கர்க் என்ற கப்பலில். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது என்று முடிவாகி, 11 கப்பல்கள் கொண்ட முதல் கப்பல் படை 1787 மே 13-ஆம் தேதி போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டது. மேரி ஏறியது சார்லட் என்ற கப்பலில். ரியோ டி ஜெனிரோவை விட்டு ஆப்பிரிக்க முனையை நோக்கிப் போகும் வழியில், செப்டம்பர் மாதம், நடுக்கடலில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. கப்பலின் பெயரையே குழந்தைக்கு வைத்தார், சார்லட் என்று. நவம்பரில் கேப் டவுனில் ஞானஸ்நானம்.

இந்தக் குழந்தையின் தகப்பன் யார்? பலரும் ஒரு பெயரைத் துணிந்து சொல்லிவிடுகிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: செப்டம்பரில் பிறந்த குழந்தைக்கு விரல் விட்டு மாதம் எண்ணிப் பாருங்கள், 1786 டிசம்பர் வரும். அப்போது மேரி டன்கர்க் கப்பலில் அடைபட்டிருந்தார். ஆகவே தகப்பன் அங்கிருந்த கைதியாகவோ காவலாளியாகவோ இருக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் குழந்தைக்கு ஸ்பென்ஸ் என்ற குடும்பப் பெயர் காணப்படுகிறது. அதற்கு மேல் போனால் ஊகம். அந்த உறவு மேரி விரும்பியதா, பலவந்தமா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. பெண் கைதிகளின் வாழ்க்கையை எழுதும்போது திரும்பத் திரும்ப நான் முட்டி நிற்கும் இடம் இது.

1788 பிப்ரவரி 6 அன்றுதான் பெண்களைச் சிட்னி விரிகுடாவில் கரையிறக்கினார்கள். நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று, பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் ஐந்து ஜோடிகளுக்குத் திருமணம் செய்துவைத்தார். அதில் ஒரு ஜோடி மேரியும் வில்லியம் பிரையன்ட்டும். வில்லியமும் கார்ன்வால்காரர், மீன்பிடித் தொழில் அறிந்தவர், டன்கர்க்கிலும் சார்லட்டிலும் இருந்தவர். நிலத்தில் நட்டது முளைக்காத, கோதுமை கருகிய ஊரில் வலை வீசத் தெரிந்தவனுக்கு மதிப்பு அதிகம். குடியேற்றத்தின் மீன்பிடிப் படகுகளை வில்லியம் பொறுப்பில் விட்டார்கள். தனிக் குடிசையும் கிடைத்தது. பெண்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். துணி துவைப்பது, சட்டை தைப்பது, சுண்ணாம்புக்காகக் கரையோரம் சிப்பி பொறுக்குவது. பெண் கைதிகள் என்றதும் பரமட்டாவிலும் ஹோபார்ட்டிலும் இருந்த தொழிற்கூடச் சிறைகள், மொட்டையடிக்கும் தண்டனை எல்லாம் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். அவை பிந்தைய காலத்தவை. மேரி இருந்தபோது அப்படி ஒரு கட்டடமே கிடையாது. இரண்டு காலங்களையும் கலந்து எழுதுவது இணையத்தில் மிகப் பரவலான பிழை.

பசிதான் அந்த ஆண்டுகளின் உண்மையான சிறை. பங்கீட்டு உணவில் பெண்ணுக்கு ஆணின் மூன்றில் இரண்டு பங்குதான். குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் அதே அளவு. 1789 பிப்ரவரியில், பிடித்த மீனில் ஒரு பகுதியை வில்லியம் ஒளித்துவைத்து விற்றது கண்டுபிடிக்கப்பட்டது. நூறு சவுக்கடி, படகுப் பொறுப்பும் குடிசையும் போயின. ஆனால் அவரை விட்டால் மீன் பிடிக்க ஆள் இல்லை, மறுபடி படகில்தான் ஏற்றினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உணவு ஏற்றி வந்த கார்டியன் என்ற கப்பல் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தது. ஏப்ரலில் பங்கீடு ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டரைப் பவுண்டு மாவு, இரண்டு பவுண்டு அரிசி, இரண்டு பவுண்டு உப்புப் பன்றி இறைச்சி என்று சுருங்கியது. வாட்கின் டென்ச் என்ற கடற்படை வீரர்-அதிகாரி எழுதுகிறார்: இறைச்சி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் உப்புக்கண்டம் போட்டது, அரிசியோ, உள்ளே குடியிருந்த புழுக்களால் ஒவ்வொரு மணியும் நகர்ந்துகொண்டிருந்தது. அதே ஏப்ரலில்தான் மேரியின் இரண்டாவது குழந்தை இமானுவேலுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அரிசியில் புழு பொறுக்கியபடி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை நீங்கள் மனதில் கொண்டுவர முடிந்தால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் தரக்கூடிய மிக நேர்மையான பதில் அதுதான்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஏழாண்டு முடிந்தால் திரும்பிவிடலாமே என்று தோன்றும். சட்டப்படி திரும்பலாம். ஆனால் திரும்பும் கப்பலுக்கு அரசு பணம் தராது. ஆண் கைதி மாலுமியாக வேலை செய்துகொண்டே ஊர் போய்ச் சேரலாம். பெண்ணை மாலுமியாக எந்தக் கப்பல் ஏற்றும்? ஆணுக்கு ஏழாண்டு என்றால் ஏழாண்டு; பெண்ணுக்கு ஏழாண்டு என்பது பெரும்பாலும் ஆயுள். கெடுவுக்கு முன்னால் திரும்பினாலோ தூக்கு. இது போதாதென்று, யாருக்கு எப்போது தண்டனை முடிகிறது என்பதற்கான ஆவணங்களே முதல் கப்பல்களில் வந்து சேரவில்லை. வில்லியமுக்கு 1784 மார்ச்சில் தண்டனை; 1791 மார்ச்சில் கெடு முடிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் செய்த கல்யாணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவர் பேசிவந்ததாக, நீதித்துறைப் பொறுப்பில் இருந்த டேவிட் காலின்ஸ் எழுதிவைத்திருக்கிறார். மனைவி மக்களைத் தவிக்க விட்டுவிட்டு யாரும் கப்பலேறக் கூடாது என்று ஆளுநர் உத்தரவு போட்டிருந்தார். இந்தச் செய்தியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காதல் கதைக்கு அது ஒத்துவராது. எனக்கோ இது முக்கியமாகப் படுகிறது. வில்லியமுக்கு ஊர் திரும்ப வேறு வழிகள் இருந்தன. மேரிக்கும் குழந்தைகளுக்கும் படகு ஒன்றுதான் வழி. தப்பிக்கும் திட்டம் யாருடைய மனதில் முதலில் உதித்தது என்பதற்குச் சான்று இல்லை. மேரியுடையது என்று அடித்துச் சொல்பவர்களையும் வில்லியமுடையது என்று அடித்துச் சொல்பவர்களையும் ஒரே அளவு சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

திட்டம் என்னவோ அபாரமானது. உணவு கொண்டுவந்த டச்சுக் கப்பலின் தலைவரிடமிருந்து காம்பஸ், கோணமானி, கடல் வரைபடம், துப்பாக்கிகள் எல்லாவற்றையும் வில்லியம் பெற்றுக்கொண்டார். 1791 பிப்ரவரி இறுதியில் அவருடைய மீன்படகு காற்றில் கவிழ்ந்தது. படகில் அந்த மண்ணின் மக்களில் ஒருவரான பென்னலாங்கின் சகோதரியும் குழந்தைகளும் இருந்தார்கள். கரையில் இருந்த அவர்களுடைய உறவினர் பாய்ந்து வந்து மீட்க உதவினார்கள். சேதமான படகை அரசுச் செலவில் பழுதுபார்த்துப் புதுப் பாய் கொடுத்தார்கள். அந்தப் படகுதான் தப்பிய படகு. மார்ச் இறுதியில் டச்சுக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போனது. குடியேற்றத்தில் மிச்சமிருந்த சப்ளை என்ற கப்பலும் நார்ஃபோக் தீவுக்குப் போயிருந்தது. துரத்த ஒரு கப்பலும் இல்லாத இரவாகப் பார்த்து, மார்ச் 28 அன்று, வில்லியம், மேரி, மூன்றரை வயது சார்லட், ஒரு வயதுகூட நிரம்பியதோ இல்லையோ என்ற இமானுவேல், இன்னும் ஏழு ஆண் கைதிகள், ஆக மொத்தம் 11 பேர் ஆறு துடுப்புப் படகில் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலை குடிசையிலிருந்து கரை வரை பாதையில் ஒரு கை ரம்பமும், தராசும், சிந்திய அரிசியும் கிடந்தன. ஜான் ஈஸ்டி என்ற சாதாரண சிப்பாய் அன்றைய நாட்குறிப்பில் அவர்களைத் திட்டவில்லை. இந்த நாட்டில் இருக்கும் வரை அவர்கள் அடிமைகள்தான், விடுதலை என்ற எண்ணம் எதையும் செய்யத் தூண்டும் என்று எழுதினார். எழுத்துப் பிழைகள் நிறைந்த அந்தச் சில வரிகளை எப்போது படித்தாலும் எனக்கு அந்தச் சிப்பாய்மேல் மரியாதை கூடுகிறது.

அறுபத்தொன்பது நாள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறி, பவளத்திட்டுகளுக்குள் புகுந்து, வடமுனையைச் சுற்றி, திமோர் தீவின் கூபாங் துறைமுகம் வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல். நூறு பவுண்டு மாவு, நூறு பவுண்டு அரிசி, பதினான்கு பவுண்டு இறைச்சி, எட்டு காலன் தண்ணீரோடு கிளம்பியதாக உடன்சென்ற ஜேம்ஸ் மார்ட்டின் சொல்கிறார். ஆட்கள் இல்லாத தீவுகளில் ஆமை பிடித்து, கறியை வாட்டி வைத்துக்கொண்டார்கள். வடக்கே வளைகுடா அருகில் பாய் கட்டிய பெரிய ஓடங்களில் அந்தப் பகுதி மக்கள் துரத்தினார்கள். பயணத்தை நேரில் பட்டவர் சொன்னதாக நமக்குக் கிடைப்பது இந்த மார்ட்டினின் குறிப்பு மட்டும்தான். தத்துவவாதி பென்தமின் காகிதக் கட்டுகளுக்குள் கிடந்து தப்பியது. அதில் மேரி எப்படி வருகிறார் தெரியுமா? புயலில் எல்லாம் நனைந்து தீ மூட்டவும் முடியாத ஓர் இடத்தில், அந்தப் பெண்ணும் இரண்டு சிறு குழந்தைகளும் மிக மோசமான நிலையில் இருந்தார்கள் என்று ஒரு வரி. 'அந்தப் பெண்.' பெயர்கூட இல்லை. இந்த ஒரு வரியிலிருந்துதான், சுக்கான் பிடித்த மேரி, ஆண்களுக்குத் தைரியம் சொன்ன மேரி என்று எத்தனையோ காட்சிகள் பின்னால் முளைத்தன. அவர் தண்ணீர் இறைத்திருப்பார், நடுங்கும் பிள்ளைகளைத் தன் உடம்போடு அணைத்துச் சூடு கொடுத்திருப்பார் என்பதை நம்ப எனக்குச் சான்று தேவையில்லை. ஆனால் எழுதப்பட்டதையும் நான் நம்புவதையும் உங்களிடம் கலந்து கொடுக்க மாட்டேன்.

ஜூன் 5 அன்று பதினொரு பேரும் உயிரோடு கூபாங் சேர்ந்தார்கள். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. கப்பல் உடைந்து பிழைத்தவர்கள் என்று டச்சு ஆளுநரிடம் சொன்னார்கள். அவர் நம்பியதில் வியப்பில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான் பவுண்டி கப்பலின் தலைவர் வில்லியம் பிளை, கலகம் செய்த தன் மாலுமிகளால் நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டு, இதேபோல் திறந்த படகில் அங்கே வந்து இறங்கியிருந்தார். உடுப்பும் உணவும் வேலையும் கிடைத்தன. பிறகு எப்படிப் பிடிபட்டார்கள்? இங்கே இரண்டு கதைகள். வில்லியம் மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டு போய், எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிட்டார் என்கிறார் மார்ட்டின். பவுண்டி கலகக்காரர்களைப் பிடிக்க வந்து, பவளத்திட்டில் உடைந்துபோன பண்டோரா கப்பலின் மருத்துவர் சொல்வது வேறு: தங்கள் ஆட்கள் கூபாங் வந்து சேர்ந்தபோது, 'உங்கள் கேப்டன் வந்துவிட்டார்' என்று ஒருவர் மகிழ்ச்சியோடு போய்ச் சொல்ல, 'எங்களுக்கு ஏது கேப்டன்' என்று கைதிகளில் ஒருவர் வாய்தவறிவிட்டார் என்கிறார். முதல் கதையைச் சொல்பவர் வில்லியம் இறந்த பிறகு சொல்கிறார். செத்தவர்மேல் பழி போடுவது சுலபம். இரண்டாவது, விருந்தில் சொல்லிச் சிரிக்க ஏற்ற மாதிரி இருக்கிறது. என் சாய்வு மார்ட்டின் பக்கம்தான், ஆனால் பந்தயம் கட்டும் அளவுக்கு இல்லை.

இதற்குப் பிறகு நடந்தவற்றில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் சாவுகளுக்குத் தேதி எழுதிவைத்திருக்கிறார்கள். பண்டோராவின் தலைவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ் அவர்களை விலங்கிட்டுப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோனார். காய்ச்சலுக்குப் பேர்போன ஊர். 1791 டிசம்பர் 1 அன்று இமானுவேல் இறந்தான். டிசம்பர் 22 அன்று வில்லியம். கேப் டவுன் போகும் வழியில் இன்னும் மூன்று ஆண்கள் போனார்கள். அங்கே மிச்சமிருந்தவர்களைக் கார்கன் என்ற கப்பலில் ஏற்றினார்கள். அது சிட்னியிலிருந்து ஊர் திரும்பும் கடற்படை வீரர்களின் கப்பல். மேரியைச் சார்லட் கப்பலில் கொண்டுபோன அதே டென்ச் அதில் இருந்தார். விடுதலைக்கான வீரமான போராட்டத்தில், எல்லாத் துன்பத்தையும் வென்ற பிறகு தோற்றுப்போனவர்கள் என்று இரக்கமும் வியப்புமாக அவர்களைப் பற்றி எழுதினார். ரால்ஃப் கிளார்க்கும் அதே கப்பலில் இருந்தார். 1792 மே 6 அன்று அவர் நாட்குறிப்பில், படகில் ஓடிப்போன கைதிப் பெண் மேரி பிராடின் குழந்தை இறந்தது என்று குறித்திருக்கிறார். கடலில் பிறந்த சார்லட்டைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். நான்கு வயதும் சில மாதங்களும். கைதிப் பெண்களை வாய்கூசாமல் வைதவரின் கையெழுத்தில்தான் இந்தச் செய்தி நமக்குக் கிடைக்கிறது.

ஜூன் மாதம் கப்பல் இங்கிலாந்து சேர்ந்தது. அங்கிருந்து லண்டனின் நியூகேட் சிறை. ஓடிவந்ததற்குத் தூக்குத் தண்டனை கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. பழைய தண்டனைக் கெடு முடியும் வரை சிறையில் இருக்கட்டும் என்று விட்டார்கள். திரும்ப அந்தக் குடியேற்றத்துக்குப் போவதைவிடச் சாவதே மேல் என்று அவர்கள் சொன்னதாகச் செய்தித்தாள்கள் எழுதின, ஊரில் பரிவு பிறந்தது. சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பாஸ்வெல், வழக்கறிஞரும்கூட, இவர்களுக்காக அமைச்சர்களிடம் நடையாய் நடந்தார். 1793 மே 2 அன்று மேரிக்கு மன்னிப்பு வந்தது. இதில் ஒரு கணக்கை யாரும் கவனிப்பதில்லை. தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால் மேரியின் ஏழாண்டு அந்த மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அரச கருணை என்று கொண்டாடப்படுவது, கெடு முடிந்து சில வாரங்கள் கழித்து வந்த கருணை. ஓடிப்போன குற்றம் தலைக்குமேல் தொங்கியதால் அந்தக் காகிதம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனாலும் ஒரு நாள்கூடக் குறையாமல் தண்டனையை அனுபவித்த பிறகே அவர் வெளியே வந்தார்.

பாஸ்வெல்லுக்கும் மேரிக்கும் உறவு இருந்ததா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், எப்போதும் கேட்கிறார்கள். அவர் காலத்து நண்பர்களே அப்படிக் கேலி பேசியிருக்கிறார்கள். பாஸ்வெல் தன் பலவீனங்களை நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதும் மனிதர். மேரியைப் பற்றி அப்படி ஒன்றும் எழுதவில்லை. மேரி விடுதலையாகிப் பல மாதம் கழித்தும் மற்ற நான்கு ஆண்களுக்காக அவர் விடாமல் மனுப் போட்டு நவம்பரில் வெளியே கொண்டுவந்தார் என்பதை இதற்கு நான் பதிலாகச் சொல்வேன். எனக்கு வருத்தமெல்லாம் வேறொன்றில்தான். மேரி ஊருக்குப் புறப்பட்ட 1793 அக்டோபர் இரவில், தேம்ஸ் நதித் துறையருகே அவரோடு உட்கார்ந்து, தப்பிய கதையை அவர் வாயிலிருந்தே கேட்டு இரண்டு தாள் எழுதியதாகப் பாஸ்வெல் குறிப்பிடுகிறார். அந்த இரண்டு தாள்களும் கிடைக்கவில்லை. வில்லியம் படகில் எழுதிய குறிப்பேடும் தொலைந்துவிட்டது. ஆக, இந்தக் கதையில் மேரி தன் குரலில் பேசிய ஒரே இடம் காணாமல் போன இடம். அவர் கையிலிருந்து வந்து இன்றும் மிஞ்சியிருப்பது ஒரு சிட்டிகை இலை: சிட்னியில் கைதிகள் தேநீருக்குப் பதில் கொதிக்கவைத்துக் குடித்த இனிப்புக் கொடியின் காய்ந்த இலைகள். பாஸ்வெல்லுக்கு அவற்றைக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் கொஞ்சம் சிட்னியின் மாநில நூலகத்திலும் இருக்கின்றன.

ஒருத்தியாவது திரும்பினாளா என்றால், திரும்பினார். இன்னொரு விதமாகத் திரும்பியவர்களும் உண்டு. சிறுமியாகக் குதிரைத் திருட்டுக்குத் தண்டிக்கப்பட்டு 1792-இல் சிட்னி போய்ச் சேர்ந்த மேரி ரெய்பி, பெரிய வணிகராகி, 1820-இல் தன் இரண்டு மகள்களோடு சொந்தப் பணத்தில் டிக்கெட் வாங்கிப் பிறந்த ஊரைப் பார்க்கப் போனார். பார்த்துவிட்டுச் சிட்னிக்கே திரும்பிவிட்டார். இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருப்பது அவர் முகம். மேரி பிரையன்ட்டோடு அதே நாளில் மணமுடித்த சூசன்னா ஹோம்ஸ் ஊர் திரும்ப நினைக்காமல் அங்கேயே பெரிய குடும்பமாக வேரூன்றினார். நம் மேரிக்கு அக்டோபர் இரவில் கப்பலேறும்போதும் தயக்கம்தான். உறவினர் தன்னை எப்படி நடத்துவார்களோ என்று அஞ்சினார். ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு அனுப்புகிறேன், பிடிக்காவிட்டால் எழுது என்று பாஸ்வெல் உறுதி சொன்ன பிறகே கிளம்பினார். எக்ஸிடருக்கு அவரை விலங்கிட்டுக் கொண்டுபோய் ஏழரை ஆண்டு ஆகியிருந்தது. போகும்போது தனியாள், வரும்போதும் தனியாள்.

பணம் அருகிலிருந்த ஊர்ப் பாதிரியார் வழியாகப் போனது. பெற்றுக்கொண்டேன் என்று மேரி தரப்பிலிருந்து வந்த கடிதங்களில் 1794 நவம்பருக்குப் பிந்தியது எதுவும் இல்லை. அடுத்த மே மாதம் பாஸ்வெல் இறந்துபோனார். அதற்குப் பிறகு கார்ன்வாலின் திருமணப் பதிவேடுகளில் மேரி பிரையன்ட் என்ற பெயரைக் கண்டு, இதோ அவர் மறுமணம் செய்துகொண்டார், நாங்கள் அவர் வழிவந்தவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த ஊர்ப்பக்கம் மேரி என்பதும் பிரையன்ட் என்பதும் தெருவுக்கு இரண்டு கிடைக்கும் பெயர்கள். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆகவே அது நடந்திருக்கவும் கூடும். நடந்தது என்று சொல்ல ஒரு தாளும் இல்லை.